சடையப்பர் போட்ட மரப்பாதை

குளத்தை ஒட்டிய காட்டில் சடையப்பர் என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தார். அவருக்கு ராக்காயி என்று ஒரு மனைவி, பேச்சி என்று ஒரே மகள். மேட்டில் ஒரு வளை. வளைக்குப் பக்கத்தில் ஒரு வள்ளிக்கிழங்குத் தோட்டம். தோட்டம் முழுக்க ராக்காயியும் பேச்சியும் மண்ணைக் கிளறி உண்டாக்கியது. காலையில் எழுந்ததும் அதன் நடுவில் நின்று மீசையை நீவிவிட்டுக்கொள்வது மட்டும் சடையப்பரின் வேலை.

அந்தக் கிழங்குதான் குடும்பத்துக்குக் கோடைக்காலச் சாப்பாடு. குளம் வற்றி, புல் கருகி, காடே பசியில் கிடக்கும் மாதங்களில் இவர்கள் மூவரும் தோண்டித் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இப்படி ஒரு தோட்டம் இருப்பதே மற்ற மிருகங்களுக்குத் தெரியாது. வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிச் சூரைமுள் புதர் அடர்ந்து கிடந்தது. குளத்திலிருந்து வரும் ஒற்றைத்தடம் அந்தப் புதருக்கு அடியில் புகுந்து, வளைந்து நெளிந்து வீட்டு வாசலுக்கு வரும். முள்ளம்பன்றிக்கு முள்ளைப் பற்றி என்ன பயம்? மற்றவர்கள் மூக்கை நீட்டுவார்கள், குத்து வாங்குவார்கள், வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் ஒரு மைனா வந்து சேதி சொன்னது. மேட்டுக்காட்டு முள்ளையா தன் மகனுக்குப் பெண் தேடுகிறாராம். மழை ஓய்ந்து வெயில் வந்ததும் பேச்சியைப் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறாராம்.

ராக்காயிக்குச் சந்தோஷம். பேச்சி, வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டாள். சடையப்பருக்குத்தான் தூக்கம் போயிற்று. முள்ளையா சாதாரண ஆள் இல்லை. அவர் வளைக்கு மூன்று வாசல் உண்டு என்று பேச்சு. அப்படிப்பட்டவர் இந்தச் சேற்றுத் தடத்தில், முள்ளுக்கு அடியில் குனிந்து, வயிறு மண்ணில் தேய வருவதா? வந்து சேறு அப்பிய காலோடு வாசலில் நின்றால் தன் மரியாதை என்ன ஆவது? சடையப்பர் யோசித்து யோசித்து ஒரு சுற்று இளைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் காட்டு ஓரத்து பங்களாவுக்குப் போனார். பங்களா வேலியோரம் மரவள்ளி நட்டிருந்தார்கள். அதைக் கொறிக்கப் போன இடத்தில் பங்களாத் தோட்டம் கண்ணில் பட்டது. வாசல் கதவிலிருந்து வீடு வரைக்கும் புல்லுக்கு நடுவே வட்ட வட்டமாக மரத்துண்டுகள் பதித்திருந்தார்கள். ஒரு அடிமரத்தைத் தோசை தோசையாக அறுத்து வரிசையாகப் போட்ட மாதிரி இருந்தது. விருந்துக்கு வந்த ஒரு அம்மாள் அந்தத் துண்டுகள்மேல் மெல்லக் கால் வைத்து நடந்துகொண்டே, எவ்வளவு இயற்கையாக இருக்கிறது என்று சொன்னாள்.

சடையப்பர் மரவள்ளியை மறந்தார். அந்தச் சொல்லை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"ராக்காயி, நம்ம வீட்டுக்கு இயற்கையான பாதை போடப்போறேன்" என்றார்.

"இப்ப இருக்கிறது என்னங்க? அதை நாம போடலையே. நடந்து நடந்து தானா உண்டானதுதானே" என்றாள் ராக்காயி.

சடையப்பர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அது வெறும் தடம் என்றார். தானாக உண்டானதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள் என்று கேட்டார். இயற்கையை நாம் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவனுக்கு அது இயற்கை என்று தெரியும் என்று விளக்கினார். சேறுதான் தொல்லை என்றால் ஓடையில் கூழாங்கல் கொட்டிக் கிடக்கிறது, நானும் பேச்சியும் உருட்டி வந்து போட்டுவிடுகிறோம் என்று ராக்காயி சொல்லிப் பார்த்தாள். கல் என்பது ஏழை வீட்டுச் சமாச்சாரம் என்று சடையப்பர் அதைத் தள்ளிவிட்டார்.

அந்தக் காட்டில் எந்த வேலை என்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவன் குழியாண்டி. அவன் ஒரு பெருச்சாளி. வளை தோண்டுவான், கரை உடைப்பான், உடைத்த கரையை அடைக்கவும் அவனே வருவான். சடையப்பர் அவனைக் கூட்டி வந்து தான் பார்த்ததை எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். குழியாண்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இந்த மாதிரிப் பாதை எத்தனையோ போட்டிருப்பவன் போலத் தலையை ஆட்டினான். உண்மையில் அவன் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைப் பற்றிக் கேள்விப்படுகிறான்.

மரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. வேங்கை மரம் என்றால் உறுதியாக இருக்கும் என்று சடையப்பர் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். வேங்கையைக் கடித்தால் குழியாண்டியின் பல் போய்விடும். அதனால் அவன் சடையப்பரைக் குளத்தின் மறுகரைக்குக் கூட்டிப் போனான். போன வருஷத்துப் புயலில் சாய்ந்த ஒரு இலவமரம் அங்கே பாதி தண்ணீரிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. பஞ்சு மாதிரி மெத்தென்ற மரம். ஒரு பக்கம் முழுக்க மண் படர்ந்திருந்தது.

"அண்ணே, இது தானா முளைச்ச மரம். தானா விழுந்த மரம். இதைவிட இயற்கையான சரக்கு உங்களுக்கு எங்க கிடைக்கும்?" என்றான் குழியாண்டி.

சடையப்பருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் உடம்பில் அது நடந்தால் சத்தம் கேட்கும். முள்ளெல்லாம் கலகலவென்று ஆடிற்று. இருந்தாலும் அந்த மண் என்ன என்று கேட்டார்.

"அதுவா? அது மரத்தோட இயற்கையான பூச்சு அண்ணே. சுரண்டிறாதீங்க, அழகு போயிடும்."

அது கறையான் கட்டிய மண் என்பது குழியாண்டிக்கு நன்றாகத் தெரியும். சடையப்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரும் அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் பங்களா வாசலில் கேட்ட சொல் அவர் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை ஆரம்பமாயிற்று. குழியாண்டி தன் சொந்தபந்தங்களோடு வந்து மரத்தைக் கடித்து வில்லை வில்லையாக்கினான். அவற்றைக் குளத்தங்கரை வழியாக உருட்டி வந்து போட்டான். வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் அல்லவா? வள்ளிக்கிழங்கு வெளியே வந்தது. ராக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதை எப்படிப் போக வேண்டும் என்பதில் குழியாண்டி கண்டிப்பாக இருந்தான். பழைய தடம் மாதிரி வளைந்து போனால் புதருக்குள் மறைந்துவிடும், பத்துப் பேர் பார்க்க முடியாத பாதையை எதற்காகப் போட வேண்டும் என்று கேட்டான். சடையப்பருக்கு அந்தக் கேள்வி மனத்தில் தைத்தது. குளத்தங்கரையில் நின்றால் வீட்டு வாசல் தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். சூரைமுள் புதரை நடுவே பிளந்து வெட்டித் தள்ளினார்கள். கரைக்கும் வாசலுக்கும் நடுவே இப்போது ஒரு முள்கூட இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் வள்ளிக்கொடிகள் பச்சைப் பசேலென்று காற்றில் ஆடுவதும் கரையிலிருந்தே தெரிந்தது.

பேச்சி அப்பாவிடம் வந்து, புதர் போய்விட்டதே, தோட்டத்துக்கு என்ன காவல் என்று கேட்டாள். வருகிறவன் பாதையைப் பார்ப்பானா, தோட்டத்தைப் பார்ப்பானா என்று திருப்பிக் கேட்டார் சடையப்பர். பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்டுவிட்டதாக அவருக்கு ஒரே பெருமை.

ஈர மண்ணைப் பறித்து வில்லைகளை அப்படியே பதித்தார்கள். அடியில் மணல் போடவில்லை. பட்டையை உரிக்கவில்லை. பட்டை இருந்தால்தானே இயற்கை? இடுக்குகளில் மரத்தூளையும் மக்கிய இலையையும் அடைத்தார்கள். கடைசி வில்லையை வாசலில் பதித்ததும் குழியாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு, காட்டிலேயே இப்படி ஒரு பாதை கிடையாது என்றான். அது மட்டும் உண்மை.

அன்றிலிருந்து சடையப்பர் பாதையின் தலைமாட்டில் நிற்க ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்க வரும் முயல், காட்டுக்கோழி, ஆமை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் பாராட்டினார்கள். முயல் பாராட்டியதற்குக் காரணம் பாதையோரம் முளைத்த இளம்புல். காட்டுக்கோழி பாராட்டியதற்குக் காரணம் வில்லைக்கு அடியில் சேர்ந்த புழு. ஆமைக்கு எதையும் பாராட்டிப் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். சடையப்பர் காரணமெல்லாம் கேட்கவில்லை. பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பாதையைப் போட்டாயிற்று, நடக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் தகராறு. ராக்காயி தண்ணீருக்குப் போய்விட்டு ஈரக்காலோடு வில்லைமேல் ஏறினாள். சடையப்பர் பதறிப்போனார். சேறு படலாமா என்றார். பேச்சி தோட்டத்து மண்ணோடு வந்தாள். பட்டை பெயர்ந்துவிடும் என்றார். சம்பந்தி வந்து முதலில் கால் வைக்கட்டும், அதுவரைக்கும் வீட்டில் உள்ளவர்கள் பாதையில் நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்.

தாயும் மகளும் பாதைக்குப் பக்கத்தில் சேற்றில் நடந்தார்கள். நடந்து நடந்து அங்கே ஒரு புதுத் தடம் உண்டாயிற்று. அதைப் பார்த்துச் சடையப்பருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழகான பாதைக்குப் பக்கத்தில் இவ்வளவு அசிங்கமான தடமா என்று கத்தினார்.

"அப்ப நாங்க பறந்துதான் வரணும்" என்றாள் பேச்சி.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. வில்லைகள் தண்ணீரைக் குடித்து ஊதின. மேலே பாசி படர்ந்தது. ஓரத்தில் வெள்ளைக் காளான் குடை விரித்தது. சடையப்பர் ஒவ்வொன்றையும் பார்த்து, இயற்கை, இயற்கை என்று பூரித்தார்.

ஒரு காலையில் வில்லைகளைத் துடைக்கலாம் என்று அவரே பாதையில் ஏறினார். பாசி வழுக்கிற்று. நாலு காலும் வானத்தைப் பார்க்க மல்லாக்க விழுந்தார். முதுகு முள்ளெல்லாம் வில்லையில் குத்திக்கொண்டது. நல்ல மரமாக இருந்தால் முள் ஏறியிருக்காது. இது இலவம், அதுவும் ஊறிய இலவம். வாழைத்தண்டில் ஊசி ஏறுகிற மாதிரி ஏறிவிட்டது. அவரால் புரளவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. ராக்காயியும் பேச்சியும் வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். சடையப்பர் எழுந்தார். முள்ளில் கொஞ்சம் பாதையிலேயே நின்றுவிட்டது.

"ஆகாயத்தைப் பார்க்கலாமேன்னு படுத்தேன்" என்றார்.

பேச்சி குனிந்து வில்லையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே பொத்தென்று கேட்டது. காதை வைத்தாள். சரசரவென்று ஆயிரம் வாய் மெல்லுகிற ஓசை. அப்பா, உள்ளே கறையான் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிடலாம் என்றாள். பாதை மண்ணோடு இணங்குகிற சத்தம் அது, குழியாண்டி அப்போதே சொன்னான் என்றார் சடையப்பர். குழியாண்டி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அந்த நேரத்துக்கு அப்படித் தோன்றிற்று.

அவரும் அன்று மாலை யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒரு வில்லையில் காதை வைத்துக் கேட்டார். அதே மெல்லுகிற ஓசை. ஒரு கணம் எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் முயலுக்கு என்ன சொல்வது? ஆமை என்ன நினைக்கும்? காதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

தை பிறந்தது. வெயில் வந்தது. முள்ளையா குடும்பத்தோடு மறுநாள் காலை வருவதாக மைனா வந்து சொல்லிப் போயிற்று. சடையப்பர் விடியும் முன்பே எழுந்து முள்ளைச் சிலிர்த்து வாரிக்கொண்டு வாசலில் நின்றார். மேலே பார்க்க வில்லைகள் முழுசாகத்தான் இருந்தன. உள்ளே கறையான் தின்றது போக ஓடுதான் மிச்சம்.

முதலில் வந்தது முள்ளையா இல்லை. ஒரு கரடி.

கரடி குளத்தில் தண்ணீர் குடிக்கத்தான் வந்தது. தலையைத் தூக்கியபோது மூக்கில் ஒரு வாசனை பட்டது. கரடிக்குத் தேன் எவ்வளவு பிடிக்குமோ, கறையானும் அவ்வளவு பிடிக்கும். முதல் வில்லைக்கு வந்தது. ஒரு நகத்தால் நெம்பிற்று. உள்ளே வெள்ளை வெளேரென்று கறையான் நெளிந்தது. உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி, மண்ணை ஒரு ஊது ஊதி, உர்ரென்று உறிஞ்சிற்று. தலையை நிமிர்த்தியது. எதிரே இரண்டாவது வில்லை. அதற்கப்பால் மூன்றாவது. வாசல் வரைக்கும் வரிசையாக இலை போட்டுப் பரிமாறி வைத்த பந்தி போல இருந்தது. இந்தப் பிறப்பில் இப்படி ஒரு உபசாரத்தை அந்தக் கரடி கண்டதில்லை. பழைய தடமாக இருந்தால் சூரைமுள் மூக்கைக் கிழித்திருக்கும். இப்போது தடுக்க ஒரு முள் இல்லை. நிதானமாக ஒவ்வொரு வில்லையாகப் புரட்டித் தின்றுகொண்டே மேலே ஏறி வந்தது.

சடையப்பருக்குக் கால் ஓடவில்லை. கரடி வாசலுக்கு வந்து கடைசி வில்லையைப் புரட்டி உறிஞ்சி முடித்துவிட்டு அவரைப் பார்த்தது.

"ரொம்ப நல்ல ஏற்பாடு. யார் செஞ்சது?" என்று கேட்டது.

ஓடிப்போக வேண்டிய நேரம் அது. முள்ளை விரித்து எதிர்த்து நிற்கவாவது வேண்டும். ஆனால் சடையப்பரின் காதில் விழுந்தது பாராட்டு. உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மீசை நிமிர்ந்தது.

"நான்தான். முழுக்க இயற்கை" என்றார்.

"சுவையிலேயே தெரியுது" என்றது கரடி. இதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்ப்பது போலத் தலையைத் திருப்பிற்று. பக்கத்தில் வள்ளிக்கொடிகள் வெயிலில் மினுமினுத்தன. கரடி, தன்னை அழைத்தவர் முறையாகத்தான் எல்லாம் செய்திருக்கிறார் என்ற நினைப்போடு தோட்டத்துக்குள் இறங்கிற்று. இரண்டு கையாலும் மண்ணை வாரி வீசிற்று. கோடைக்காகச் சேர்த்த கிழங்கெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, வாய்க்குள் போயிற்று.

சடையப்பர் வளைக்குள் புகுந்துகொண்டார். முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

இந்த நேரம் பார்த்து முள்ளையா தன் மனைவியோடும் மகனோடும் கரையில் வந்து இறங்கினார். மண்ணும் மரத்தூளும் இறைந்து கிடந்த வழியாக மூவரும் ஏறி வந்தார்கள். தோட்டத்தில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாகத் தோண்டுவது தெரிந்தது. சமையலுக்குக் கிழங்கு பறிக்கிற ஆள் என்று முள்ளையா நினைத்துக்கொண்டார். இது சடையப்பர் வீடுதானே என்று கேட்டார்.

கரடி திரும்பிப் பார்த்தது. வாய் நிறையக் கிழங்கு.

"ஆமா, வாங்க. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றது.

முள்ளையாவின் மனைவி மயங்கிச் சாய்ந்தாள். மாப்பிள்ளைப் பையன் அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடி அப்பாவும் பின்வாங்கினார். இருவருமாகப் பின்வாங்கிப் பின்வாங்கிக் குளத்தங்கரை வரை போய்விட்டார்கள். மயங்கியவளைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை.

பேச்சி அதுவரை தோட்டத்தின் கடைசியில் அம்மாவோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாத்திதான் மிச்சம். கரடி அதற்கு வந்தபோது அவளுக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல் அதிகமாக இருந்தது. மழையில் நின்று அணைத்த மண், அவள் கையால் ஊன்றிய கொடி. உடம்பிலுள்ள முள்ளையெல்லாம் விரித்தாள். வாலைச் சடசடவென்று ஆட்டினாள். திரும்பி நின்று, பின்பக்கமாகவே ஒரே ஓட்டமாக ஓடிப் போய்க் கரடியின் மூக்கில் மோதினாள்.

கரடி போட்ட கத்தலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. மூக்கில் நாலைந்து முள் செருகி நின்றது. இப்படியும் உண்டா, கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு அடிக்கிறார்களே என்று புலம்பிக்கொண்டே அது காட்டுக்குள் ஓடிற்று.

ராக்காயி மயங்கிக் கிடந்தவளின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். முள்ளையாவும் மகனும் கரடி போய்விட்டதை நன்றாக நிச்சயம் செய்துகொண்டு திரும்பி வந்தார்கள். சடையப்பர் வளையிலிருந்து மெல்ல வெளியே வந்தார். எதிரே பாதையும் இல்லை, தோட்டமும் இல்லை. கொத்திப் போட்ட களம் மாதிரிக் கிடந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. சம்பந்தி இப்போது காறித் துப்பிவிட்டுப் போகப்போகிறார் என்று காத்திருந்தார். சொல்லப்போனால், முள்ளையா அப்படி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குப் புத்தி வந்திருக்கும்.

முள்ளையா சுற்றும் முற்றும் பார்த்தார். புரண்டு கிடந்த ஒரு வில்லையைத் தடவிப் பார்த்தார். பிறகு சடையப்பர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுக்கு மூணு வாசல். இருந்தும் என்ன? இன்னிக்கு வரைக்கும் முயலைவிடப் பெரிய ஆள் யாரும் படி ஏறினதில்ல. உங்க வீட்டுக்குக் கரடியே நேர்ல வந்து சாப்பிட்டுப் போகுது. இந்தப் பாதையை யாரு போட்டுக் கொடுத்தது?"

சடையப்பரின் தலை நிமிர்ந்தது. மண்ணில் கிடந்த மீசை மேலே வந்தது. அவர் தோட்டத்தைப் பார்க்கவில்லை. ராக்காயியின் முகத்தையும் பார்க்கவில்லை. குழியாண்டி என்று ஒருவன் இருக்கிறான், எல்லாருக்கும் வர மாட்டான், நான் சொன்னால் வருவான் என்றார். மூன்று வாசலுக்கும் மூன்று பாதை போட வேண்டும் என்று முள்ளையா உடனே தீர்மானம் செய்தார். பேச்சு அப்படியே கல்யாணத்துக்கு வந்தது. பெண்ணின் தைரியம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, தை முடிவதற்குள் வைத்துக்கொள்ளலாம் என்றார் முள்ளையா. மாப்பிள்ளைப் பையனும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி தலையை ஆட்டினான்.

பேச்சி மண்ணைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு வேண்டாம்பா. இந்தக் கூத்தை ஒரு வீட்டில பார்த்தது போதும்" என்றாள்.

சடையப்பர் கெஞ்சினார். கோபித்தார். முள்ளையா வீட்டு வாசல்களை எண்ணிக் காட்டினார். பேச்சி அசையவில்லை. ராக்காயியும் மகள் பக்கம் நின்றுவிட்டாள். முள்ளையா குடும்பம் வந்த வழியே போயிற்று. போகும்போது குழியாண்டியின் வளை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போயிற்று.

கோடை வந்தது. குளம் வற்றிற்று. காட்டிலுள்ள மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீடும் பசித்துக் கிடந்தது. சடையப்பர் மரப்பட்டையைக் கொறித்துக்கொண்டு, பட்டை உடம்புக்கு நல்லது, அதுதான் இயற்கையான சாப்பாடு என்று எல்லாரிடமும் சொன்னார். முயலைக் கண்டாலும் ஆமையைக் கண்டாலும் கூப்பிட்டு நிறுத்தி, பாதையைப் பார்ப்பதற்கென்றே ஒரு கரடி மலையிலிருந்து இறங்கி வந்த கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கரடி கொஞ்சம் பெரிதாயிற்று.

கடைசிப் பாத்தியில் மிஞ்சிய கிழங்கை ராக்காயியும் பேச்சியும் துண்டு போட்டார்கள். பசித்தும் அதைத் தின்னவில்லை. முதல் மழை விழுந்ததும் காட்டுக்குள் எங்கேயோ ஒரு முட்புதருக்கு நடுவில் கொண்டுபோய் ஊன்றிவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று சடையப்பருக்கு மட்டும் சொல்லவில்லை.

வழியில் போகிறவர்கள் மெச்சுவதற்காக வீட்டை அலங்கரிக்கிறவன், அந்த வீட்டில் இருப்பவர்களின் சோற்றைத்தான் வாசலில் கொட்டுகிறான்.